ஏட்டில் ஒரே சொல்: வயிற்றுளைவு

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

விஞ்ஞானப் பாடவேளையில் நுண்ணங்கிகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், ஈ.கோலி நம்ம எல்லார் குடல்லயும் இருக்கு, நல்லது செய்யுதுன்னு சொல்றீங்க. எங்க பீலித் தண்ணிய சோதிச்ச பீ.எச்.ஐ ஐயா, இதுல ஈ.கோலி இருக்கு, கொதிக்க வைக்காம குடிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. எது சரி?"

இரண்டும் சரி என்று சொன்னோம். தண்ணீரில் ஈ.கோலி இருந்தால் மலம் எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். மலத்தோடு வேறு என்னென்ன வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. பிள்ளை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் அவள் கேட்டதற்கு முழு விடை அதுவல்ல என்பது எங்களுக்கே தெரியும். ஒரே பெயருள்ள கிருமி ஒரு வயிற்றில் சும்மா இருக்கிறது, இன்னொரு வயிற்றில் இரத்தமாகப் போக வைக்கிறது. ஏன்? இதைத் தேடப் போய் எங்கள் மலைகளின் பழைய கதைக்குள் இறங்க வேண்டியதாயிற்று.

மடுல்சீமையிலிருந்து தொடங்குகிறோம். 1869ஆம் ஆண்டு அங்கே கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி தெரிந்தது. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலில் கண்ணில் பட்டது எங்கள் பதுளை மாவட்டத்தில்தான். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்த துவெய்ட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதே ஆண்டிலேயே பேர்க்லி என்ற பங்கசு அறிஞர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார். 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி இந்த ஒரு நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு வந்தார். இலை நோய்க்குச் சில மாதத்தில் பெயர், பத்து ஆண்டு கடந்ததும் தனி ஆராய்ச்சியாளர்.

அந்தக் கோப்பியைப் பறித்த மனிதர்களுக்கு வந்த நோய்க்கு? அவர்கள் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. ஊவாவுக்கு வந்தவர்களுக்கு அதற்குப் பிறகும் மலையேற்றம் பல நாள். ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல்தான். வழியோரக் குளத்து நீரைக் குடித்து, வாந்திபேதியிலும் வயிற்றுளைவிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுப் போனார்கள். 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று முதல் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அது மாற்றி எழுதப்பட்டது. இந்தச் சட்டங்களால் தோட்ட மரணங்களுக்குக் கணக்கு வந்தது. அந்தக் காலத்து நிர்வாக அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் மரண காரணங்கள் வயிற்றுளைவு, வயிற்றோட்டம், பலவீனம்.

பலவீனம் என்பது நோயே அல்ல. வயிற்றுளைவு என்பதும் ஒரு நோயல்ல. இரத்தமும் சளியும் கலந்து, முக்கி முக்கிப் போகும் ஓர் அறிகுறிக்குப் பெயர் அது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு உயிர்கள் ஒளிந்திருந்தன. பெரும்பாலான துரைமாரும், அவர்களுக்காக அறிக்கை எழுதியவர்களும் அதற்குக் கண்டுபிடித்த காரணம் ஒன்றே: கூலிகளின் அசுத்தப் பழக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பம். மலசலகூடம் இல்லாத லயத்தின் முன்னால் நின்றுகொண்டு பழக்கத்தைக் குறை சொல்ல ஒரு தனி மனது வேண்டும்.

இனி ஜப்பானுக்குப் போய் வருவோம், கதை அங்கேதான் பிரிகிறது. 1897இல் அங்கே பெரும் வயிற்றுளைவுத் தொற்று. தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் நோயாளிகள், இருபதாயிரத்துக்கு மேல் இறப்பு. கித்தசாத்தோவின் நிறுவகத்திலிருந்த கியோஷி ஷிகா என்ற இளைஞர் 36 நோயாளிகளின் மலத்தைப் பரிசோதித்து ஒரு கோலுருக் கிருமியைப் பிரித்தெடுத்தார். குணமாகிக்கொண்டிருந்த நோயாளியின் இரத்தச் சீரத்தைச் சேர்த்தால் அந்தக் கிருமி கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்வதைக் காட்டி, இதுதான் காரணி என்று நிறுவினார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் சைமன் பிளெக்ஸ்னர் பிலிப்பைன்ஸில் ஒரு கிருமியைக் கண்டார். பார்வைக்கு ஷிகாவின் கிருமி போலத்தான். ஆனால் சீரத்தோடு வேறு விதமாக நடந்துகொண்டது, கொல்வதும் குறைவு. பிறகு 1915இல் டென்மார்க்கில் சொன்னே இன்னொன்று, அடுத்த தசாப்தங்களில் இந்தியாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் இராணுவ வைத்தியர் போய்ட் வேறு சில. இதற்கெல்லாம் வெளியே, பற்றீரியாவே அல்லாத அமீபாவும் அதே வயிற்றுளைவைத் தந்துகொண்டிருந்தது.

இந்தக் காலத்தில் கொழும்பு சும்மா இருக்கவில்லை. இதைப் பாடப்புத்தகத்தில் யாரும் எழுதவில்லை என்பதுதான் எங்கள் மனத்தாங்கல். 1900இல் கொழும்பில் ஒரு பற்றீரியாவியல் நிறுவகம் தொடங்கியது. இன்றைய பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வேர் அது. 1903இல் அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலியர் அதன் பணிப்பாளராக வந்து, முதலாம் உலகப்போர் தொடங்கும் காலம் வரை இருந்தார். அதற்கு முன்னர் அவர் ஜேர்மனியின் பொன் நகரில் குரூசேயிடம் வேலை பழகியவர். ஷிகாவின் கிருமியை ஐரோப்பாவில் கண்டவர் அந்தக் குரூசே. ஒரு நோயாளியின் உடலில் ஒரே நேரத்தில் இரண்டு கிருமிகள் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குக் கஸ்டெல்லானி ஒரு சோதனை வைத்திருந்தார். சீரத்தை முதலில் ஒரு கிருமியோடு கலந்து, அதற்குரிய பிறபொருளெதிரிகளை உறிஞ்சி எடுத்துவிடுவது. மிச்சச் சீரம் மற்றக் கிருமியைக் கட்டியாக்குகிறதா என்று பார்ப்பது. எளிமையான யோசனை, ஆனால் தோற்றத்தில் ஒன்றாயிருப்பவற்றைப் பிரித்தறிய அது பெரிய ஆயுதம்.

அந்த ஆயுதத்தோடு அவர் இலங்கையரின் மலத்தில் தேடினார். புதிதாகத் தெரிந்தவற்றுக்கு நம் மண்ணின் பெயரையே வைத்தார். ஒன்று சிலோனென்சிஸ். இன்னொன்று மாதம்பைப் பெயரால் மாதம்பென்சிஸ். இந்தப் பெயர்கள் பல காலம் பற்றீரியாப் பட்டியல்களில் இருந்தன. பிறகு வகைப்பாடு மாற மாற வேறு பெயர்களுக்குள் கரைந்து போயின.

ஆனால் ஒரு பெயர் கரையவில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரியின் பதிவாளராக இருந்த அல்பர்ட் சாமர்ஸ் என்பவரும் கஸ்டெல்லானியும் சேர்ந்து வெப்பவலய மருத்துவக் கைந்நூல் ஒன்றை எழுதினார்கள். முதற்பதிப்பு 1910, மூன்றாம் பதிப்பு 1919. அந்த மூன்றாம் பதிப்பில் வயிற்றுளைவுக் கிருமிகளுக்கு ஷிகாவின் பெயரால் ஷிகெல்லா என்று ஒரு சாதியை அமைத்தார்கள். அதே நூலில், எஷெரிக் என்ற குழந்தை வைத்தியர் 1885இல் குழந்தைகளின் மலத்தில் கண்டு சொன்ன சாதுவான குடற்கிருமிக்கு எஷெரிக்கியா என்ற சாதியையும் அமைத்தார்கள். எங்கள் மாணவி கேட்ட ஈ.கோலியின் அந்த 'ஈ' இதுதான். இன்றைக்கும் இந்த இரண்டு சாதிப் பெயர்களுக்கும் பின்னால் விஞ்ஞான நூல்கள் "கஸ்டெல்லானி, சாமர்ஸ், 1919" என்றுதான் எழுதுகின்றன. அந்த நூல் அச்சானது இலண்டனில், அப்போது இருவரும் இலங்கையில் இல்லை. ஆனால் அந்த அறிவு சேர்ந்தது பெரும்பாலும் இங்கே. (கஸ்டெல்லானி பிற்காலத்தில் முசோலினியின் பக்கம் சாய்ந்து, எத்தியோப்பியா மீதான படையெடுப்பில் இத்தாலிய இராணுவத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றவர். நல்ல கண் இருப்பவருக்கெல்லாம் நல்ல மனதும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு.)

ஆக, ஒரே புத்தகத்தில் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றில் நல்லவன், மற்றதில் கெட்டவன். விஷயம் அப்படியே நின்றிருந்தால் மாணவியின் கேள்விக்கு விடை சுலபம்.

நிற்கவில்லை. 1950களில் கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற வைத்தியர், முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியை விட்டுப் பார்த்தார். வாந்திபேதிக் கிருமியை விட்டால் அந்தத் துண்டு நீரால் ஊதிப் பருத்தது. 1956இல் அவரும் நண்பர்களும் இதே சோதனையை வயிற்றோட்ட நோயாளிகளின் ஈ.கோலியை வைத்துச் செய்தார்கள். சில குலவகைகள் குடலை ஊத வைத்தன, சில ஒன்றுமே செய்யவில்லை. நல்லவன் வீட்டுக்குள்ளேயே கெட்டவர்கள் இருந்தார்கள். தேவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நாங்களும் சேர்த்தி.

பிறகு டீ.என்.ஏ.யை வாசிக்கும் காலம் வந்தது. ஷிகெல்லாவையும் ஈ.கோலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை இரண்டு சாதியே அல்ல. ஷிகெல்லா என்று நாம் சொல்பவை, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கிளையிலிருந்து கெட்டுப்போன ஈ.கோலிகள்தான். கெட்டுப்போனது எப்படி? முக்கியமாக ஒரு பிளாஸ்மிட்டால். அதாவது பற்றீரியாவின் பெரிய நிறமூர்த்தத்துக்கு வெளியே தனியாக வளையமாய் இருக்கும் டீ.என்.ஏ துண்டு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் எழுத்து நீளமான அந்த வளையத்தில்தான், குடற்சுவர்க் கலத்துக்குள் கதவை உடைத்து நுழையும் கருவிகளுக்கான பரம்பரை அலகுகள் இருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் சன்சொனெத்தியும் கூட்டாளிகளும் இதைக் காட்டினார்கள். வளையத்தை இழந்த ஷிகெல்லாவால் கலத்துக்குள் புக முடியவில்லை.

எங்களுக்கு இதைவிட வியப்பாக இருந்தது, ஷிகெல்லா இழந்தவை. ஈ.கோலியிடம் லைசீனைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. ஷிகெல்லாவிடம் இல்லை. அந்த நொதியால் உண்டாகும் பொருள் ஷிகெல்லாவின் நச்சுக்கே தடையாக இருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. அதனால் அந்தப் பரம்பரை அலகைத் தொலைத்த கிருமியே கூடுதல் கொடியதாகப் பிழைத்தது. நீந்தும் சவுக்கு முளையையும் அது கைவிட்டது. சேர்த்துக்கொண்டதாலும் கொடியதாயிற்று, எறிந்துவிட்டதாலும் கொடியதாயிற்று.

ஷிகாவின் கிருமிக்கு, அதாவது ஷிகெல்லா டிசென்டெரியே முதல் வகைக்கு, மற்றச் சகோதரர்களிடம் வழமையாக இல்லாத ஒன்று கூடுதலாக இருக்கிறது: ஷிகா நச்சு. கலம் புரதம் தயாரிக்கும் இடத்தையே பழுதாக்கி, இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நச்சு. ஜப்பானில் அத்தனை பேரைக் கொன்றதும், சொன்னேயின் கிருமி பெரும்பாலும் சில நாள் வயிற்றோட்டத்தோடு விடுவதும் இந்த வித்தியாசத்தால்தான். இந்த நச்சுக்கு நெருங்கிய உறவான நச்சுகளைப் பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காவிச் செல்கின்றன. 1982இல் அமெரிக்காவில் ஹம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்த வயிற்றோட்டம் வந்தது. கண்டுபிடித்தது ஈ.கோலி ஓ157. அதனிடம் அந்த நச்சு. 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் பாடசாலை மதிய உணவால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விழுந்தார்கள், அதே ஓ157. ஷிகா தன் நாட்டில் வயிற்றுளைவுக் கிருமியைத் தேடிய காலத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அவர் பெயர் கொண்ட நச்சு அவர் நாட்டுப் பிள்ளைகளைத் தேடி வந்தது. 2001இல் அதன் மரபுத்தொகுதியை வாசித்தபோது, ஆய்வுகூடத்து சாதுவான ஈ.கோலியிடம் இல்லாத 1,387 பரம்பரை அலகுகள் அதில் இருந்தன. 2011இல் ஜேர்மனியில் இன்னொரு கலப்பு: வேறொரு வகை வயிற்றோட்ட ஈ.கோலிக்குள் அந்த நச்சு புகுந்திருந்தது. 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்று 54 பேர் இறந்தார்கள். காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று முடிவாயிற்று. எங்கள் உம்மாமார் வயிற்று வலிக்கு ஊறவைத்துத் தரும் அதே வெந்தயம்!

மீண்டும் லயத்துக்கு வருவோம். குலவகை வித்தியாசம் என்பது நச்சில் மட்டுமல்ல, எத்தனை கிருமி போனால் நோய் வரும் என்பதிலும் இருக்கிறது. வாந்திபேதி போலத் தண்ணீராய்ப் போகவைக்கும் ஈ.கோலி வகைக்குப் பொதுவாகக் கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். அதற்கு அசுத்தமான தண்ணீரோ கெட்ட உணவோ தேவை. ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமிகளே போதும். கதவுத் தாழ்ப்பாள், பிள்ளையின் விரல், ஈயின் கால் போதும். பீலியைச் சுத்தமாக்கினாலும், பத்துப் பேர் ஒரே அறையில் படுத்து, கைகழுவக் குடத்து நீரை அளந்து செலவழிக்கும் இடத்தில் ஷிகெல்லா நடந்தே போகும். பழக்கம் என்று எழுதியவர்கள் இடத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பள்ளிவாசல்களில் வுழூவுக்கு ஐந்து வேளை தண்ணீர் ஓடுகிறது. அதனால் நாங்கள் பிறவியிலேயே சுத்தக்காரர் என்று சொல்ல மாட்டோம். குழாய் இருக்கிறது, கழுவுகிறோம்.

உடலின் நிலையும் உண்டு. அதே கிருமி, பசியோடு இருக்கும் பிள்ளையைக் கூடுதலாகக் கொல்லும். 1974இல் அரிசியும் மாவும் கிடைக்காத காலத்தில் தோட்டங்களின் மரண விகிதம் ஏறியது. பதுளையில் அந்த ஆண்டை நினைவுள்ள பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குவாத்தமாலா ஒரு கசப்பான சாட்சி. 1969இல் அங்கே இரத்த வயிற்றுளைவு பரவியபோது அமீபா என்றே முதலில் நினைத்தார்கள். அமீபாவுக்குரிய எமெட்டீன் கொடுத்தார்கள். உண்மையில் அது ஷிகாவின் கிருமி, அதுவும் அக்காலத்து நுண்ணுயிர்கொல்லிகள் பலவற்றுக்கு மசியாத குலவகை. அங்கே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1984இல் மேற்கு வங்காளத்திலும் அதே வகை பெரும் தொற்றாக வந்தது.

இது பழங்கதை என்று விட்டுவிட வேண்டாம். ஷிகெல்லாவால் கடுமையாக நோயுற்ற பிள்ளைக்குச் சரியான நுண்ணுயிர்கொல்லி வேண்டும். ஓ157 போன்ற ஈ.கோலியென்றால் நுண்ணுயிர்கொல்லியே சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டக்கூடும் என்று வைத்தியர்கள் அஞ்சுகிறார்கள். அறிகுறி இரண்டிலும் இரத்த வயிற்றோட்டம்தான். பாமசியில் "வயிற்றோட்டத்துக்கு ரெண்டு குளிசை தாங்க" என்று வாங்கிக் கொடுப்பவர்கள் எங்கள் பெற்றோர் கூட்டத்திலும் இருக்கிறார்கள். மலத்தில் இரத்தம் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அங்கே மல மாதிரி கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள். வயிற்றுளைவு நம் நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அறிவித்தால்தான் பீ.எச்.ஐ உங்கள் பீலி வரை வருவார்.

ஒரு செய்தியைச் சொல்லி நிறுத்துகிறோம். இலண்டனில் 1920இல் தொடங்கிய தேசிய கிருமிச் சேகரிப்பில் முதலாம் இலக்கமுள்ள குப்பி ஒரு ஷிகெல்லா பிளெக்ஸ்னெரி. 1915 மார்ச்சில் பிரான்ஸில் வயிற்றுளைவால் இறந்த ஏர்னஸ்ட் கேபிள் என்ற சாதாரண பிரிட்டிஷ் சிப்பாயின் உடலிலிருந்து எடுத்தது. 2014இல் அதன் மரபுத்தொகுதியை முழுதாக வாசித்தார்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அது பென்சிலினுக்கு எதிர்ப்புக் காட்டும் கிருமி என்று தெரிந்தது. அந்தச் சிப்பாயின் வாழ்க்கையையும் தேடி எழுதினார்கள். 2016இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவகத்தினர் முன்னின்று, 1915 முதல் சேர்த்து வைத்த முந்நூறுக்கு மேற்பட்ட ஷிகாக் கிருமிகளை ஒப்பிட்டு, அது குறைந்தது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே உலகில் இருந்ததையும், குடியேற்றமும் போரும் போன வழியிலேயே அது கண்டம் கண்டமாகப் போனதையும் காட்டினார்கள்.

மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக ஊவாவுக்கு வந்த பாதையும் அப்படியொரு பாதைதான். அந்தப் பாதையில் விழுந்தவர்களின் குடலில் இருந்தது ஷிகாவா, பிளெக்ஸ்னரா, அமீபாவா? ஏட்டில் ஒரே சொல். மாணவிக்கு இதையெல்லாம் சொன்னபோது அவள், "எங்க பாட்டியோட அம்மாவுக்குப் பதினோரு புள்ளைங்க சேர், மூணுதான் தங்குச்சாம், மத்ததெல்லாம் வயித்தாலபோயி செத்துச்சுன்னு சொல்லுவாங்க" என்றாள். எட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டோம். பாட்டிக்குத் தெரியும், எழுதி வருகிறேன் என்றாள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, நமுனுகுலை, ஹப்புத்தளைப் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படிப் பெயர்கள் நினைவிருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரும், ஆண்டு தெரிந்தால் ஆண்டும்.